ஒரே கேள்வி, இரண்டு பதில், மூன்று வார்த்தை



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முப்பத்து நான்கு வருடம் வரலாற்றுப் பாடம் எடுத்தவனுக்கு மணி அடித்தால்தான் பேச்சை நிறுத்தத் தெரியும். முகநூலில் மணி அடிக்க ஆள் இல்லை.

போன மாதம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத உறவினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிக்காகச் சேர்த்து வைத்த பணம் கொஞ்சம் இருக்கிறது. அதை வைத்து நுழைவாயில் வளைவு கட்டலாமா, அல்லது கல்லூரிக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டலாமா என்று நான்தான் குழுவில் ஒரு வாக்கெடுப்புப் போட்டேன். இரண்டே விருப்பம், தொட்டால் போதும். மதியச் சாப்பாட்டுக்குள் பெரும்பாலானோர் தொட்டுவிட்டார்கள். சாயங்காலம் சண்டை தொடங்கிவிட்டது.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்ட இரண்டு பேர். ஒருவன், "பணம் போடாதவனுக்கு ஓட்டு எதுக்கு?" என்று எழுதினான். இன்னொருவன் பதில் எழுதவில்லை, குழுவை விட்டே வெளியேறிவிட்டான். நான் சமாதானம் செய்யப் போய், கோபத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வரலாற்று வாத்தியாருக்குத் தூக்கம் வராவிட்டால் பழைய கதைகள்தான் வரும். நட்பு கெடாமல் மனிதர்கள் எப்போதாவது வாதாடியிருக்கிறார்களா, கருத்துக் கேட்பதும் கலந்து பேசுவதும் எங்கே பிரிந்து போயின என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

1936-க்குப் போவோம். அமெரிக்காவில் அதிபர் தேர்தல். ரூஸ்வெல்ட்டை எதிர்த்து ஆல்ப் லாண்டன் நின்றார். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்துவிட்டு லாண்டன் எளிதாக ஜெயிப்பார் என்று அறிவித்தது. முந்தைய தேர்தல்களில் சரியாகச் சொன்ன பத்திரிகை என்பதால் ஊரும் நம்பியது. முடிவு வந்தபோது 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்கு. லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்னும் வெர்மான்ட்டும் மட்டுமே.

எங்கே தவறு? முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பெரும் மந்தம் நாட்டை வாட்டிய காலம். வீட்டில் தொலைபேசியும் வாசலில் காரும் வைத்திருந்தவன் யார்? போதாக்குறைக்கு, சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களில் ரூஸ்வெல்ட் மீது கோபம் கொண்டவர்களே அதிகம். அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் மிகச் சிறிய கூட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கேட்டு ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். இரண்டு வருடத்தில் அந்தப் பத்திரிகை மூடப்பட்டது. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்டோம் என்பதே முக்கியம் என்று உலகத்துக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனது.

காலப்புக்கு ஒரு கனவு இருந்தது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஊர் மக்கள் எல்லோரும் ஒரு கூடத்தில் கூடி, பேசி, முடிவெடுக்கும் வழக்கம் உண்டு. பத்திரிகையும் வானொலியும் விவாதத்தை வீடு வீடாகக் கொண்டு போகும், கருத்துக்கணிப்பு பதிலைத் திரட்டிக்கொண்டு வரும், நாடே ஒரு கூடம் ஆகிவிடும் என்று அவர் நம்பினார்.

நடந்தது வேறு. கருத்துக் கேட்பது பெரிய தொழிலாக வளர்ந்தது. கலந்து பேசுவது மட்டும் காணாமல் போனது. கூடம் என்னவோ இருந்தது, அதற்குள் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழவில்லை.

1970-களின் பிற்பகுதியில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சிலர் ஒரு குறும்பு செய்தார்கள். '1975-ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டத்தை நீக்கலாமா, வேண்டாமா?' என்று மக்களிடம் கேட்டார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நீக்கலாம் என்றோ வேண்டாம் என்றோ பதில் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால் அப்படி ஒரு சட்டமே கிடையாது! தெரியாது என்று சொல்ல வெட்கம். கேட்டவர் முகத்துக்காக ஏதோ ஒரு பதில்.

சிரிக்காதீர்கள். என் வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டபோது மொத்த வகுப்பும் "புரிந்தது சார்" என்று ராகம் போட்டதே, அது என்ன?

இந்த இடத்தில்தான் ஜேம்ஸ் ஃபிஷ்கின் வருகிறார். அரசியல் அறிவியல் பேராசிரியர். அப்போது டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார், பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். 1988-இல் ஒரு யோசனையை எழுதினார். அதைக் 'கலந்தாய்வுக் கருத்துக்கணிப்பு' என்று தமிழில் சொல்லலாம். யோசனை எளிமையானது. நாட்டின் எல்லாத் தரப்பிலிருந்தும் குலுக்கல் போலச் சில நூறு பேரைப் பொறுக்கு. முதலில் கருத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள். பிறகு இரு தரப்பு வாதங்களும் சமமாக உள்ள ஒரு கையேட்டைக் கொடு. ஓரிடத்துக்கு வரவழைத்து, சிறு சிறு குழுவாகக் கலந்து உட்கார வை. ஒவ்வொரு குழுவுக்கும் பேச்சை ஒழுங்குபடுத்த ஒரு நடுநிலையாளர். சந்தேகம் வந்தால் இரு தரப்பு வல்லுநர்களையும் எதிரே உட்கார வைத்துக் கேட்கட்டும். கடைசியில் அதே கேள்விகளை மறுபடி கேள். பதிலை அவரவர் தனியாக, ரகசியமாக எழுதட்டும். முதல் பதிலுக்கும் இரண்டாம் பதிலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்.

நம் ஊர்க்காரர்களுக்குக் குலுக்கல் புதிதில்லை. பத்தாம் வகுப்பில் நான் தொண்டை வறள நடத்திய உத்திரமேரூர் நினைவிருக்கிறதா? பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். 30 குடும்புகள். தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லும் குடவோலை முறை. ஆனால் அன்று நான் சொன்னதை இன்றும் சொல்கிறேன். அந்தக் குடத்தில் எல்லார் பெயரும் விழவில்லை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்தான் விழுந்தது. குடம் நேர்மையாக இருந்தாலும், அதில் யார் பெயரைப் போடுகிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. லிட்டரரி டைஜஸ்ட் கதையும் இதேதான்.

ஃபிஷ்கினின் யோசனை முதன்முதலில் 1994-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நடந்தது. சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. சுமார் 300 பேர் வந்தார்கள். தலைப்பு குற்றங்கள். வருமுன், குற்றத்தைக் குறைக்க மேலும் பலரைச் சிறையில் அடைப்பது பலன் தரும் என்றவர்கள் 57 சதவீதம். இரண்டு மூன்று நாள் பேசிய பிறகு அது 38 சதவீதமாகக் குறைந்தது. குற்றவாளி மேல் பரிதாபம் வந்ததால் மட்டும் இப்படி ஆகவில்லை. சிறைக்கு ஆகும் செலவு, அதன் எல்லை, வேறு வழிகள் எல்லாம் அவர்கள் கண்ணில் பட்டன.

அந்தக் கூட்டத்தைப் பற்றி ஃபிஷ்கின் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கணவரோடு துணைக்கு வந்த ஒரு பெண்மணி அவரிடம் வந்து நன்றி சொன்னாராம். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் தன் கணவர் ஒரு நாளும் செய்தித்தாள் படித்ததில்லை, இந்த அழைப்பு வந்ததிலிருந்து கையில் கிடைக்கும் பத்திரிகை எல்லாவற்றையும் படிக்கிறார், ஓய்வுக்காலத்தில் இனி அவரோடு பேசச் சுவாரசியமாக இருக்கும் என்று. உன் கருத்துக்கு மதிப்பு உண்டு என்று ஒருவனிடம் நிஜமாகச் சொல்லிப் பாருங்கள், அவன் படித்துவிட்டு வருவான். முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் நானும் கண்டது இது.

1996 ஜனவரியில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இன்னொரு கூட்டம். அமெரிக்கா முழுவதிலிருந்தும் 450-க்கும் மேற்பட்டோர். பேசியவற்றுள் குடும்பங்களின் நிலையும் ஒன்று. ஒரு சிறு குழுவில் 84 வயது வெள்ளைக்காரப் பெரியவர், பழமைப் பிடிப்புள்ளவர். அதே குழுவில் அரசு உதவித்தொகையில் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு கறுப்பினப் பெண். பேச்சின் தொடக்கத்தில் பெரியவர் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக, உன்னுடையது குடும்பமே இல்லை, அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்தால்தான் குடும்பம் என்றார். நடத்துநர் எப்படியோ சமாளித்துப் பேச்சைத் தொடர வைத்தார். அந்தப் பெண்ணும் எழுந்து போகவில்லை. நாள் முழுக்கப் பேசினார்கள், ஒருவர் கதையை ஒருவர் கேட்டார்கள். கடைசி நாளில் பெரியவர் அந்தப் பெண்ணிடம் போய், ஆங்கிலத்தில் மிக முக்கியமான மூன்று வார்த்தைகள் எவை தெரியுமா என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். தமிழில் அதை நான் இப்படிச் சொல்வேன்: நான் சொன்னது தப்பு.

84 வயதில்! இதைப் படித்த நாளில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் மனதை உருக்கும் கதைதானே சார், காரியத்துக்கு உதவுமா என்று கேட்பீர்கள். உதவியிருக்கிறது. அதே டெக்சஸில் 1996 முதல் 1998 வரை எட்டு மின்சார நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை இப்படிக் கூட்டிப் பேச வைத்தன. நிலக்கரியா, எரிவாயுவா, காற்றா, சிக்கனமா என்று கேள்வி. எட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், காற்று, சூரிய ஒளி போன்றவற்றுக்காக மாதம் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கட்டத் தயார் என்றவர்கள் பேச்சுக்கு முன் 52 சதவீதம், பின் 84 சதவீதம். எண்ணெய் மண்ணான டெக்சஸில் இது! 1999-இல் அங்கே புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். 2006-இல் காற்று மின்சாரத்தில் கலிபோர்னியாவைத் தாண்டி டெக்சஸ் முதலிடம் பிடித்தது. அதற்குக் காற்றும் காரணம், வரிச்சலுகையும் காரணம். ஆனால் மக்கள் கூடிப் பேசியதும் ஒரு காரணம்.

தென்கொரியாவில் இன்னும் கடினமான சோதனை. மூன் ஜே-இன் அணு உலை கட்டுவதை நிறுத்துவேன் என்று வாக்குறுதி கொடுத்து 2017-இல் அதிபரானவர். ஷின்-கோரி 5, 6 என்ற இரண்டு உலைகள் பாதி கட்டுமானத்தில் நின்றன. தானே முடிவெடுக்காமல் மக்களிடம் விட்டார். 20,000 பேரிடம் முதலில் கருத்துக் கேட்டு, அவர்களிலிருந்து 500 பேரைத் தேர்ந்தார்கள். 471 பேர் கடைசி வரை இருந்தார்கள். ஒரு மாதம் படிப்பு, பிறகு மூன்று நாள் ஒரே இடத்தில் தங்கிக் கலந்துரையாடல். முடிவில் 59.5 சதவீதம் பேர் கட்டி முடிக்கலாம் என்றார்கள். அதே மக்களில் பாதிக்கு மேற்பட்டோர், எதிர்காலத்தில் நாடு அணு மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். கட்டியதை வீணாக்காதே, புதிதாகப் பெருக்காதே. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான் மட்டும் இருந்தால் இப்படி ஒரு பக்குவமான பதில் வருமா? தன் வாக்குறுதிக்கு எதிரான அந்த முடிவை அதிபர் ஏற்றுக்கொண்டார்.

இந்த முறை கணினிக்கும் வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு குழு உருவாக்கிய இணைய மேடையில் பத்துப் பேர் போலச் சிறு குழுவாகக் காணொளியில் உட்காருகிறார்கள். பேச வரிசை உண்டு, ஒருவருக்கு இத்தனை விநாடி என்று கணக்கு உண்டு. வாய் திறக்காமல் இருப்பவரைப் பேசுமாறு கணினியே அழைக்கிறது. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்து "நீ சொல்லுப்பா" என்று நான் கேட்ட வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது!

தைவானில் 'போலிஸ்' என்ற இணையக் கருவியைப் பயன்படுத்தினார்கள். பெயரைப் பார்த்துக் காவல்துறை என்று நினைக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் ஒரு கருத்தை எழுதலாம். மற்றவர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். ஆனால் அதற்குப் பதில் எழுத வழியே கிடையாது. அதனால் வசைக்கும் வழியில்லை. எதிரெதிர் அணிகள் எந்த இடத்தில் ஒத்துப்போகின்றன என்பதை அது படமாகக் காட்டுகிறது. 2015-இல் ஊபர் வாடகைக் கார் தகராறில் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்ற விஷயங்களில் ஒன்றுபட்டு நிற்பது அப்படித்தான் தெரிய வந்தது.

சரி, அப்படியானால் கூடிப் பேசினாலே நல்லதுதானா? இல்லை. இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். 2005-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சன்ஸ்டீன் என்ற சட்டப் பேராசிரியரும் அவருடைய தோழர்களும் வேறொரு சோதனை செய்தார்கள். போல்டர் என்ற ஊர் முற்போக்குச் சிந்தனைக்குப் பெயர் போனது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் பழமைவாதிகளின் ஊர். இரண்டையும் கலக்காமல், அந்தந்த ஊர்க்காரர்களை அவர்களுக்குள்ளேயே பேச விட்டார்கள். பேசி முடித்தபோது போல்டர்காரர்கள் இன்னும் தீவிர முற்போக்காளர்கள் ஆனார்கள். ஸ்பிரிங்ஸ்காரர்கள் இன்னும் தீவிரப் பழமைவாதிகள் ஆனார்கள். ஒரே மாதிரி நினைப்பவர்கள் கூடினால், இருக்கிற சூடு ஏறத்தான் செய்யும்.

நம் வாட்ஸ்அப் குழுக்களை இப்போது நினைத்துப் பாருங்கள்.

நமக்குப் பட்டிமன்றம் உண்டே என்பீர்கள். மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருகிறது. ஆனால் பட்டிமன்றத்தில் எந்தப் பேச்சாளராவது நடுவில் எழுந்து, 'எதிரணி சொல்வது சரிதான், நான் அந்தப் பக்கம் போகிறேன்' என்று சொல்லிப் பார்த்ததுண்டா? அங்கே அணி மாறக் கூடாது. தீர்ப்பு நடுவருடையது, கைதட்டல் நம்முடையது. அது கலை, நானும் ரசிப்பவன்தான். வகுப்பில் நான் நடத்திய 'அக்பரா, அசோகரா' பட்டிமன்றங்களில் பேசியவர்கள் இன்று வக்கீலாகவும் இருக்கிறார்கள். ஆனால் ஜெயிக்கக் கற்றுக் கொடுத்த அளவுக்கு, கேட்கக் கற்றுக் கொடுத்தேனா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. மனம் மாறியவனுக்கு நான் ஒருநாளும் பரிசு கொடுத்ததில்லை.

இத்தனையும் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். நட்போடு வாதாடுவது சுபாவத்தில் மட்டும் இல்லை, ஏற்பாட்டிலும் இருக்கிறது. யார் பெயரும் விடுபடாத குடம், கலந்து உட்காரும் பாய், இரு பக்கமும் சொல்லும் காகிதம், எல்லாரையும் பேச விடும் ஒருவர், கடைசியில் ரகசியச் சீட்டு. மான்செஸ்டரில் வந்தவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தான், நம்மைவிட நல்லவர்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த ஏற்பாடு நல்லதாக இருந்தது.

நான் போட்ட வாக்கெடுப்பில் இது எதுவுமே இல்லை. வளைவுக்கு எவ்வளவு ஆகும், ஒரு பிள்ளையின் கட்டணம் எவ்வளவு என்ற கணக்கைக்கூட நான் கொடுக்கவில்லை. யார் எதைத் தொட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கைபேசியில் வாட்ஸ்அப் இல்லாத நம் பிள்ளைகள் சிலர் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்கள் பெயர் குடத்திலேயே இல்லை. 1936-இல் அந்தப் பத்திரிகை செய்ததைத்தான் நானும் செய்தேன். அதுவும் அந்தப் பாடத்தை நடத்திய வாத்தியார்!

அதனால் ஒரு வேண்டுகோள். பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வருவீர்கள். காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை என் வீட்டு மாடியில் கூடுவோம். வாட்ஸ்அப்பில் இல்லாதவர்களை நானே நேரில் போய் அழைக்கிறேன். வர முடியாத வெளிநாட்டுப் பிள்ளைகள் காணொளியில் வரட்டும். செலவுக் கணக்கு இரு பக்கத்துக்கும் அச்சடித்துத் தருகிறேன். யார் எந்தக் குழுவில் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்போம். என் பேத்தி எடுப்பாள். எட்டுப் பேருக்கு ஒரு பாய். பணம் போட்டவர், போடாதவர் என்ற பேச்சு மாடிப்படியோடு நிற்கட்டும். முதலில் ஒரு சீட்டு, பேசிவிட்டு இன்னொரு சீட்டு. முடிவு எதுவானாலும் இட்லி, சாம்பார், கேசரி உண்டு.

கடைசியாக, அன்று இரவு நான் எழுதிய வாக்கியம். குழுவை விட்டுப் போன பையனைப் பற்றி, 'வாதாடத் தெரியாதவன்தான் ஓடிப்போவான்' என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதினேன். பையன் என்கிறேன், ஐம்பது வயதைத் தாண்டிவிட்டான். பணம் போட முடியாமல் போனதற்கு அவன் வீட்டில் ஒரு காரணம் இருந்தது என்பது மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அது அவன் சொந்த விஷயம், இங்கே எழுத மாட்டேன். நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் தீர்ப்பு எழுதினேன்.

எல்லோர் முன்னிலையிலும் எழுதியதை எல்லோர் முன்னிலையிலும்தான் திருத்த வேண்டும். தம்பி, நீ முகநூலில் இருக்கிறாய், இதைப் படிப்பாய் என்று தெரியும்.

நான் சொன்னது தப்பு.

அன்று மாடியில் உன்னையும் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்